எல்என்ஏவுக்கு முன்னால் ஃபில்டரா, பின்னாலா?

மாடி_ஆன்டெனா:
தாம்பரம் பக்கம் மொட்டை மாடியில் வி-டைபோல் (V வடிவ ஆன்டெனா) கட்டி, ரஷ்யாவின் மெட்டியோர் வானிலைச் செயற்கைக்கோளை 137.1 மெகாஹெர்ட்ஸில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்), 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். நடுநடுவே கறுப்புப் பட்டை விழுந்தாலும் படம் வந்தது. போன வாரம் எஸ்பிஎஃப்5189 சிப் உள்ள எல்என்ஏ (இரைச்சல் குறைந்த பெருக்கி) வாங்கி ஆன்டெனா அடியிலேயே மாட்டினேன். இப்போது திரையில் தெரியும் அலைக்கற்றையில் 137.0-ஐச் சுற்றி அகலமாக ஒரு மேடு நிற்கிறது. படம் மொத்தமாகப் போச்சு. சரக்கு மட்டமா?

பழைய_சால்டர்:
சரக்கைத் திட்டாதீர்கள் தம்பி. அந்தச் சிப் 50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 4 கிகாஹெர்ட்ஸ் வரை எது வந்தாலும் பெருக்கித் தள்ளும். சென்னையில் அப்படி வருவது எஃப்எம் நிலையங்கள்தான். எல்என்ஏவுக்கு முன்னால் எஃப்எம் தடுப்பு ஃபில்டர் போடுங்கள், சரியாகிவிடும்.

ஃப்ரிஸ்_பக்தன்:
முன்னாலா? ஹரால்ட் ஃப்ரிஸ் 1944-லேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார் சார். முதல் கட்டத்தின் இரைச்சல் முழுசாகச் சேரும், அடுத்த கட்டத்தின் இரைச்சல் முதல் கட்டப் பெருக்கத்தால் வகுபட்டுத்தான் சேரும். முன்னால் வைக்கும் ஃபில்டரில் 1 டெசிபல் இழந்தால் இரைச்சல் எண்ணும் (கருவி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 1 டெசிபல் ஏறும். காசு கொடுத்து 0.6 டெசிபல் சிப் வாங்கி, அதை 1.6 ஆக்குவானேன்? அதோடு, எஃப்எம் நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து பிறக்கும் பொய் சிக்னலில் மூன்றாம் வரிசை (ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழிப்பது) 137-க்கு வரவே வராது. 2×108−88 போட்டால்கூட 128 தான்.

பழைய_சால்டர்:
மூன்றோடு நிறுத்தினால் எப்படி? ஐந்தாம் வரிசையைப் போடுங்கள். சென்னையில் 106.4 இருக்கிறது, 91.1 இருக்கிறது. 3×106.4−2×91.1 = 137.0. தம்பி சொன்ன மேடு அங்கேதானே? எஃப்எம் விலகலும் (அலைவரிசை அசையும் அளவு) அதே பெருக்கில் கூடுவதால்தான் அது அகலமாகி 137.1-ஐயும் விழுங்குகிறது.

இரைச்சலுக்கு வருவோம். 137-ல் வானத்திலிருந்து வரும் பால்வீதி இரைச்சலே சராசரியாக 560 கெல்வின் அளவில் இருக்கும். 0.6 டெசிபல் எல்என்ஏ அதன்மேல் 43 கெல்வின் கூட்டும், 1.6 ஆனால் சுமார் 130. மொத்தத்தில் நீங்கள் இழப்பது அரை டெசிபல். அதுவும் ஆளில்லாக் காட்டில். குடியிருப்புப் பகுதியில் மனிதர் உண்டாக்கும் இரைச்சல், ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) கணக்குப்படி, 290 கெல்வின் வெப்ப இரைச்சலைவிட 13 டெசிபல் மேலே நிற்கும். எல்இடி பல்பும் மலிவு சார்ஜரும் உள்ள தெருவில் 0.6-க்கும் 1.6-க்கும் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

ஃப்ரிஸ்_பக்தன்:
ஐந்தாம் வரிசை என் கண்ணில் படவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலப்பு எங்கே நடக்கிறது? அந்த எல்என்ஏவின் ஓஐபி3 (கலப்பு உண்டாக்காமல் தாங்கும் திறனின் அளவுகோல்) டேட்டாஷீட்டில் 39 டிபிஎம்முக்கு மேல். மாடியில் கிடைக்கும் எஃப்எம் அதை அசைக்காது. பெருக்கிய எஃப்எம்மை வாங்கித் திணறுவது டாங்கிளின் டியூனர். அப்படியானால் ஃபில்டர் இரண்டுக்கும் நடுவில் போதும்.

தம்பி, 3 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) இருந்தால் எல்என்ஏவுக்கும் டாங்கிளுக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். மேடு 3 மட்டும் இறங்கினால் அது எல்என்ஏவிலேயே பிறந்து வருகிறது. ஐந்தாம் வரிசைக் கணக்கில் ஐந்து மடங்காக 15 பக்கம் இறங்கினால் டாங்கிள்தான் குற்றவாளி.

மாடி_ஆன்டெனா:
மாட்டினேன். டாங்கிள் கெயினைத் தொடவில்லை. மேடு 14 டெசிபல் இறங்கியது! படத்தில் பாதி திரும்பி வந்துவிட்டது.

பழைய_சால்டர்:
சரி, டாங்கிள்தான். அந்த வரைக்கும் பக்தன் சொன்னது சரி. ஆனால் "இரைச்சல் எண் ஏறும்" என்று முதலில் சொன்ன காரணம் நகரத்தில் எடுபடாது, அதை விடமாட்டேன்.

கடையில் ஃபில்டர் வாங்க வேண்டாம். ஆர்ஜி-58-ல் 49.5 செ.மீ. துண்டு (இதுதான் ஸ்டப்) வெட்டி, ஒரு முனையை அப்படியே திறந்து விட்டு, மறுமுனையை டாங்கிள் வாயில் டீ கனெக்டரில் செருகுங்கள். 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை, அங்கே ஷார்ட் மாதிரி நடந்துகொள்ளும். 137-ல் இது ஒரு இண்டக்டராகத் தெரியும், அதனால் குறுக்கே 35 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு ஸ்டப்பைத் திட்டுவார்கள். முனை திறந்தே இருப்பதால் பயஸ்-டீயின் (கேபிள் வழியே எல்என்ஏவுக்கு மின்சாரம் அனுப்பும் ஏற்பாடு) 5 வோல்ட்டும் ஷார்ட் ஆகாது.

ஃப்ரிஸ்_பக்தன்:
ஒற்றை ஸ்டப் 91.1-ல் 11 டெசிபல்தான் தருமே?

பழைய_சால்டர்:
ஐந்தாம் வரிசைக்கு ஐந்து மடங்கு. 106.4-ல் இன்னும் கொஞ்சம் கூடவே விழும். கணக்கில் 55-க்கு மேல் போகிறது, மேடு இரைச்சலுக்குள் முங்கிவிடும்.

மாடி_ஆன்டெனா:
காலையில் செயற்கைக்கோள் கடந்தபோது முழுப் படம். இலங்கை தாண்டி வங்கக்கடல் மேகம் வரை வந்தது. அட்டெனுவேட்டரைக் கழற்றிவிட்டேன்.

ஃப்ரிஸ்_பக்தன்:
பார்த்தீர்களா, ஃபில்டர் பின்னால்தான் உட்கார்ந்தது.

பழைய_சால்டர்:
டிரான்ஸ்மிட்டர் கோபுரத்தின் அடியில் குடியிருப்பவன் கேட்டால் முன்னால்தான் போடச் சொல்வேன். அங்கே 39 டிபிஎம்மும் காணாது.

மாடி_ஆன்டெனா:
அண்ணா, கெப்பாசிட்டர் 33 பிகோ டிஸ்க் செராமிக்தான் கையில் இருந்தது. மாற்றணுமா?

பழைய_சால்டர்:
படம் வருதில்லையா? விடுங்கள்.