மறு: கார் ஸ்டீரியோவில் ‘கிரவுண்ட் லூப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

காரில் இரண்டு கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் (கிரவுண்டைத்தான் நாம் எர்த் என்கிறோம்) எடுப்பதால் பாட்டோடு சத்தம் கலக்கும் கோளாறுதான் ‘கிரவுண்ட் லூப்’. நம் சொற்பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச் சொல் போடுவது என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படிக்க மட்டுமே நேரம் கிடைத்தது. சேர்த்து வைத்ததை ஒரே மடலில் கொட்டுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> புவிவளைய இரைச்சல் என்றே வைத்துக்கொள்ளலாம். எர்த் என்றால் புவி, லூப் என்றால் வளையம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. காரில் புவி எங்கே இருக்கிறது? நான்கு டயரும் ரப்பர். வீட்டில் எர்த் கம்பி நிஜமாகவே மண்ணுக்குள் போகிறது. குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர்கூட ஊற்றுகிறோம். அதற்குப் புவி இணைப்பு என்ற பெயர் பொருத்தம். காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் இரும்பு உடம்போடு பிணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விளக்கு, ஹார்ன், செட் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பாசிட்டிவ் கம்பியில் வருகிறது, திரும்பிப் போகும் வழி பெரும்பாலும் பாடிதான். பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே பாடியில் இருந்தது. அதற்கும் எர்த் என்றுதான் பெயர். ஆக, இங்கே எர்த் என்பது பூமியும் இல்லை, நெகட்டிவும் இல்லை. எந்த இடத்தைச் சுழி என்று வைத்து வோல்ட்டை அளக்கிறோமோ அந்த இடம். தரைமட்டத்திலிருந்து கட்டடத்தின் உயரத்தை அளக்கிறோமே, அதுபோல. அதனால் என் ஓட்டு ‘தரை’க்கு. ஆம்ப்ளிஃபயரின் எர்த் கம்பியை முக்கால்வாசி வண்டிகளில் கார் தரையின் தகட்டில்தான் முடுக்குகிறார்கள் என்பது கூடுதல் வசதி.

‘லூப்’ பற்றிப் பேசுவதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்று. பெயர் ஏன் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது அதில்தான்.

பழைய கார் ஒன்று வாங்கி, டெக்கோடு (முன்பக்கம் இருக்கும் பாட்டு செட்) ஓர் ஆம்ப்ளிஃபயரும் வைத்தேன். இன்ஜின் அணைந்திருக்கும்போது பாட்டு சுத்தமாக இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் ‘ஙீஈஈ’ என்று மெல்லிய சத்தம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அதுவும் மேலே ஏறும், விட்டால் இறங்கும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் போகாது. பொருத்திய கடையில் போய் “இரைச்சல் வருகிறது” என்றேன். இரைச்சல் என்றதும் அவர்கள் ஸ்பீக்கரை மாற்றினார்கள். பிறகு பவர் கம்பியில் ஒரு ஃபில்டர் போட்டார்கள். இரண்டுக்கும் காசு கொடுத்தேன், சத்தம் அப்படியே இருந்தது.

கடைசியில் தெருமுனையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் பிடித்தார். அவர் செய்த முதல் வேலை, செட்டை அணைத்துவிட்டு, டெக்கிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கம்பிகளைப் பிடுங்கியது. கம்பி இல்லாமலே செட்டை மறுபடி போட்டதும் சத்தம் இல்லை. அப்படியென்றால் ஆம்பும் ஸ்பீக்கரும் நல்லவை. அடுத்து என் ஃபோனை, சார்ஜரில் போடாமல், நேராக ஆம்பில் செருகிப் பாட்டு போட்டார். இன்ஜின் ஓடுகிறது, ஆனாலும் சத்தம் இல்லை. “டெக்குக்கு முன்னாடி ஒரு எர்த்து, ஆம்புக்கு சீட்டுக்கடியில ஒரு எர்த்து. ரெண்டு எடத்துல எர்த் எடுத்திருக்காங்க சார், ரெண்டும் ஒண்ணு கிடையாது” என்றார். சீட் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். ரிங் டெர்மினலுக்கு அடியில் பெயின்ட் அப்படியே பளபளத்தது. உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பைக் காட்டி, பல்வாஷர் போட்டு முடுக்கினார். சத்தம் பாதியானது. டெக்கின் எர்த் கம்பியையும் அதே போல்ட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ஓய்ந்தது.

அந்தப் பெயின்ட் படலம் செய்த வேலையைக் கணக்குப் போட்டால் புரியும். அந்த இணைப்பில் 0.01 ஓம் மின்தடை இருக்கிறது என்று வையுங்கள். ஆம்ப் 10 ஆம்பியர் இழுத்தால் அந்த இடத்தில் 0.1 வோல்ட் நிற்கும். ஆம்பின் ‘தரை’, டெக்கின் ‘தரை’யைவிட 100 மில்லிவோல்ட் மேலே போய்விட்டது. இந்த இரண்டையும் ஆர்சிஏ கம்பியின் வெளியுறை இணைக்கிறது, அதனால் அந்த உறை வழியே மின்னோட்டம் ஓடுகிறது. பாட்டில் மெதுவாக ஒலிக்கும் இடங்களில் சமிக்ஞையே சில மில்லிவோல்ட்தான். அந்த 100 மில்லிவோல்ட்டில் சிறு பங்கு அலை கலந்தாலும் காது கேட்டுவிடும்.

அலை எங்கிருந்து வருகிறது? இன்ஜின் பெல்ட்டால் சுழன்று வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து. அது மூன்று கட்ட மாறுமின்சாரத்தை டயோடுகளால் நேராக்கித் தருகிறது. ஆனால் முழுக்க மட்டமாகத் தருவதில்லை, சிறு ஏற்ற இறக்கம் மிஞ்சும். 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 மேடுகள் தரும். இன்ஜின் 800 சுற்றில் சும்மா நிற்கும்போது, கப்பி விகிதம் இரண்டரை என்றால், ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்று. அதாவது 1200 ஹெர்ட்ஸ். இன்ஜின் 2000 சுற்றுக்குப் போனால் 3000 ஹெர்ட்ஸ். ஆக்சிலரேட்டரோடு சுருதி ஏறுவதற்கு இதுதான் காரணம்.

> ரீங்காரம் என்ற அழகான சொல் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

அழகான சொல்தான். ஆனால் அது வீட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டிய சொல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கலந்து ‘ம்ம்ம்’ என்று வருகிறதே, அது ரீங்காரம். காரில் 50 ஹெர்ட்ஸ் கிடையாது. இங்கே வருவது சன்னமாக, குழந்தை இழுத்து அழுவதுபோல் வரும் சத்தம். இதற்குச் ‘சிணுங்கல்’ என்று சகோதரி ஒருவர் சொன்னதை நான் வழிமொழிகிறேன். சினிமாப் பாட்டு வாடை அடிக்கிறது என்று கேலி செய்தவர்களுக்கு: ஒருமுறை வண்டியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இன்ஜின் வேகம் எப்படி மாறினாலும் மாறாமல் ‘உஸ்ஸ்’ என்று இருப்பது சீறல்; ஆம்பில் கெயினை (சமிக்ஞையைப் பெருக்கும் அளவை) கூடுதலாகத் திருகியிருப்பார்கள், குறைத்தால் போதும். இன்ஜினோடு சேர்ந்து ‘டிக் டிக்’ என்று துடித்தால் தீப்பொறி பிளக் பக்கம் பார்க்க வேண்டும். நான் கடையில் ‘இரைச்சல்’ என்று சொல்லாமல் ‘சிணுங்கல்’ என்று சொல்லியிருந்தால், அந்தச் சொல் அவர்களுக்கும் தெரிந்திருந்தால், என் ஸ்பீக்கர் காசு மிஞ்சியிருக்கும்.

சரி, ‘லூப்’ விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ‘தரைக்கண்ணி’ என்று முன்வைத்தவன் நான்தான். சமிக்ஞை கண்ணியில் சிக்கிய பறவைபோல மாட்டிக்கொள்கிறது என்று எனக்குள் ஒரு பூரிப்பும் இருந்தது. அதற்கு யாழ்ப்பாணத்து நண்பர் எழுதிய மறுமொழி:

> தரையில கண்ணி எண்டால் எங்கட பக்கம் ஆருக்கும் பாட்டு ஞாபகம் வராது, வெடிதான் ஞாபகம் வரும்.

இதற்கு மேல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

‘தரைச்சுற்று’ எனக்கு ஒப்பவில்லை. எந்தக் காரிலும் நியாயமாக இருக்க வேண்டிய தரைவழி மின்சுற்றையும் அது குறிக்கும். கோளாறு என்று தெரியாது. ‘தரைவளையம்’ என்றால் தரையில் கிடக்கும் வளையல் மாதிரி இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அந்த எலக்ட்ரீஷியன் அன்றைக்கே சொல்லிவிட்டார்: ரெண்டு எடத்துல எர்த். ஆகவே என் புது முன்மொழிவு ‘இருதரைச் சுற்று’. பேச்சில் சுருக்கமாக ‘இருதரை’ போதும். “வண்டியில் இருதரை இருக்கு, பாருங்க” என்று சொல்ல வாய்க்கு வசதியாகவும் இருக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே புள்ளியில் பிணைப்பதை ‘ஒருதரை இணைப்பு’ என்று சொல்லிவிடலாம். ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் சிறு ஒலி மின்மாற்றி வைத்து அந்தச் சுற்றை அறுக்கிற பெட்டிக்கு ‘இருதரைப் பிரிப்பான்’. மலிவான பெட்டிகள் அடிச்சுருதியை (பேஸ்) தின்றுவிடும் என்பது வேறு கதை. அதனால்தான் நான் கம்பியைச் சரிசெய்வதை முதலில் சொல்வேன்.

இதைப் படித்ததும் யாராவது கேட்கலாம்: இரண்டு தரை இருந்தாலே தப்பு என்று ஆகிவிடாதா? எல்லாக் காரிலும் பத்து இடத்தில் எர்த் இருக்கிறதே?

நல்ல கேள்வி. விளக்கும் ஹார்னும் பத்து இடத்தில் தரை எடுத்தாலும் அவற்றுக்கிடையே சமிக்ஞைக் கம்பி கிடையாது, அதனால் சுற்று உருவாவதில்லை. இரண்டு தரை, நடுவில் அவற்றை இணைக்கும் சமிக்ஞைக் கம்பி, இரண்டும் இருந்தால்தான் கோளாறு. பின்னொட்டாகச் ‘சுற்று’ இருப்பது இதற்காகத்தான்.

ஆம்ப் இல்லாதவர்களும் வீட்டு வாசலில் சோதித்துப் பார்க்கலாம். ஃபோனை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே, ஃபோனிலிருந்து செட்டுக்குப் போகும் ஆக்ஸ் கம்பியில் பாட்டு கேளுங்கள். பல வண்டிகளில் சிணுங்கும். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் அது இருதரை: ஒரு தரை சார்ஜர் வழி, இன்னொன்று ஆக்ஸ் கம்பி வழி. புளூடூத்தில் கேட்டால் கம்பியே இல்லை, சுற்றும் இல்லை. ஒரே எச்சரிக்கை, செட் ஓடும்போது ஆர்சிஏ பின்களைப் பிடுங்கவோ செருகவோ வேண்டாம்.

ஆல்டர்னேட்டருக்கு ‘மின்னியற்றி’ என்று மாற்றியே ஆக வேண்டும் என்பவர்களோடு நான் இன்றைக்குச் சண்டைக்கு வரவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இன்னொன்று: விமானத்திலும் இதே ஆங்கிலச் சொல் உண்டு. வால்சக்கர விமானம் ஓடுபாதையில் கட்டுப்பாடிழந்து சட்டென்று சுழன்றுவிடுவதைக் குறிக்கும். அதை இந்த உள்ளீட்டோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம், ‘தரைச்சுழற்சி’ என்று வேறாகப் போட்டுவிடலாம்.

ஞாயிறு இரவு வரை மறுப்புகளுக்குக் காத்திருக்கிறேன். வராவிட்டால் ‘இருதரைச் சுற்று’, ‘ஒருதரை இணைப்பு’, ‘சிணுங்கல்’ மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கண்ணிக்காக யாராவது வாதாட வந்தால், முதலில் யாழ்ப்பாணத்து நண்பருக்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.