அப்பாவின் நோட்டு நனைந்த பிறகு: உங்கள் மை அனுபவங்களையும் சொல்லுங்கள்

நீலநோட்டு:

அப்பா பல வருடம் விடாமல் நாட்குறிப்பு எழுதினார். அவர் போன பிறகு அந்தப் பெட்டி என்னிடம் வந்தது. போன மாதம் ஒரு ராத்திரி கூரை ஒழுகி, அடியில் இருந்த ஏழு நோட்டும் ஊறிவிட்டன.

காலையில் பிரித்துப் பார்த்தேன். இங்க் பேனாவில் எழுதிய பக்கங்களில் எழுத்தே இல்லை, வெளிர்நீலத் திட்டுகள்தான் இருந்தன. பால் பேனாவில் எழுதியவை ஒரு புள்ளிகூடக் கலையாமல் நின்றன. ஓரத்தில் பென்சிலால் போட்ட கணக்குகளும் அப்படியேதான். இதற்குப் பிறகு தேடிப் படித்ததில் புரிந்தது இது: சாதாரண நீல இங்க் என்பது தண்ணீரில் கரைந்த சாயம். தண்ணீரோடு வந்தது, தண்ணீரோடே போய்விட்டது. பால் பேனா மையோ எண்ணெய்ப் பசை போன்றது, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. பென்சில் எழுத்து கிராஃபைட் துகள், அது எதிலும் கரையாது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. மிகப் பழைய இரண்டு நோட்டுகளில், அதே இங்க் பேனா எழுத்துதான், நீலம் கழுவிப் போன இடத்தில் சாம்பல் கலந்த கருப்பாக எழுத்து நிற்கிறது. எப்படி?

மையால் நேர்ந்தது, மையால் பிழைத்தது எதுவானாலும் எழுதுங்கள். எனக்கு இப்போது அதெல்லாம் தெரிய வேண்டியிருக்கிறது.

பழந்தாள்:

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். பழைய ஆவணங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. அந்த இரண்டு நோட்டும் ப்ளூ-பிளாக் மையில் எழுதப்பட்டிருக்கும்.

அந்த மையின் மூலம் மிகப் பழையது. ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடும் இடத்தில் உருண்டையாக ஒரு கட்டி வளரும், அதுதான் மாசிக்காய். அதில் துவர்ப்புச் சத்து நிறைய. அதை ஊறவைத்து வடித்து, அன்னபேதியும் பிசினும் சேர்த்தால் மை தயார். அன்னபேதி இரும்பு உப்பு என்பது தெரிந்திருக்கும். எழுதும்போது இந்த மை வெளிறித்தான் தெரியும். காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து, தாளின் நாருக்குள்ளேயே கரையாத கருப்பாக மாறிவிடும். எழுதும்போதே கண்ணுக்குத் தெரியட்டும் என்று பிற்காலத்தில் நீலச் சாயம் கலந்தார்கள். உங்கள் நோட்டில் கழுவிப் போனது அந்தச் சாயம், தங்கியது இரும்பு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதுதான் முதன்மையான மை. இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கென்றே இந்த வகையில் ஒரு பதிவாளர் மை இருந்தது.

ஆனால் இதே மை தாளைத் தின்னவும் செய்யும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்தைத் தூக்கியதும் எழுத்துகள் கொட்டின. நிஜமாகவே கொட்டின. எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டையாகி, தாள் சல்லடை மாதிரி என் கையில் இருந்தது. மையில் அமிலம் உண்டு, மிஞ்சிய இரும்பு அயனிகளும் உண்டு, இரண்டும் சேர்ந்து வருடக்கணக்கில் நாரை அரித்திருக்கின்றன. அன்று மாலை வரை எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த இரண்டு நோட்டையும் இன்னொரு முறை தண்ணீரில் நனைக்காதீர்கள். அழுக்குப் போகட்டும் என்று சிலர் அலசுவார்கள். ஈரம் அந்த இரும்பு அயனிகளை எழுத்தில்லாத இடத்துக்கும் பரப்பிவிடும். நாங்கள் முதலில் ஒரு சோதனைத் தாளை எழுத்தின்மேல் வைத்து அழுத்துவோம். அது இளஞ்சிவப்பானால் இரும்பு இன்னும் துடிப்பாக இருக்கிறது என்று பொருள். பிறகுதான் அந்த இரும்பைக் கட்டிப்போடும் கால்சியம் ஃபைட்டேட் போன்ற சிகிச்சை, அதுவும் பயிற்சி உள்ளவர் கையால்.

எல்லா நோட்டுக்கும் பொதுவாக: வெயிலில் காயவைக்க வேண்டாம். உறிஞ்சும் வெள்ளைத் தாளைப் பக்கங்களுக்கு நடுவே வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள், மின்விசிறிக் காற்று படட்டும். இரண்டு நாளைக்குள் காய வைக்க முடியாத அளவு இருந்தால் உறைய வைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஆய்வகக் குறிப்பு:

எனக்குத் தண்ணீர் இல்லை, வெப்பம். அழித்து எழுதலாமே என்று, தேய்த்தால் மறையும் ஜெல் பேனாவில் ஆறு மாத ஆய்வகக் குறிப்புகளை எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் நோட்டைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வெற்றுத் தாள். நோட்டு மாறிவிட்டதோ என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அந்தப் பேனாவின் பின்முனை எதையும் சுரண்டி எடுப்பதில்லை, உராய்ந்து சூடாக்குகிறது. மையின் நுண்குமிழ்களுக்குள் நிறமாகும் பொருளும் அதை நிறமாக்கும் பொருளும் சேர்ந்திருக்கின்றன. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் அந்தச் சேர்க்கை குலைந்து நிறம் மறைகிறது. மறைவதுதான், அழிவதில்லை. இதை ஒரு நண்பர் சொன்னதும் நோட்டைப் பையில் போட்டுக் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் எல்லா வரியும் திரும்பியிருந்தது, கொஞ்சம் மங்கலாக. ஆனால் ஒரு சிக்கல், நான் முன்பு வேண்டுமென்றே தேய்த்து அழித்த தவறான எண்களும் கூடவே வந்துவிட்டன. எது சரி, எது அழித்தது என்று பிரிக்க இரண்டு வாரம் ஆனது. கையெழுத்துப் போடும் எதற்கும் இந்த மை கூடாது. நல்ல மைதான், வரைந்து பழகவும் அட்டவணை போடவும்.

பெயரில்லாதவர்:

மேலே இருப்பவர் சொன்னது போல எனக்கும் வெப்பம்தான். விலை அதிகமான ஒரு கருவியின் ரசீது, உத்தரவாதத்துக்காகப் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யக் கொடுத்தேன். முழுக்கக் கருப்பாக வந்தது. அந்த வழவழப்பான ரசீதுத் தாளில் மையே கிடையாது, தாளின் மேற்பூச்சே சூடு பட்டால் கருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சும்மா வைத்திருந்தாலும் நாளாக நாளாக மங்கிப் போகும். வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

அச்சுக்காரர்:

நான் ஆஃப்செட் அச்சகத்தில் இருபது வருடம் இருந்தவன். எங்களுக்கு மை என்றால் தண்ணீர் மாதிரி ஓடுவது அல்ல, தேன்போல இழுபடுவது. கூட்டன்பர்க் 15ஆம் நூற்றாண்டில் உலோக எழுத்துகளை வைத்து அச்சிட்டபோது, தண்ணீர் மை உலோகத்தில் சரியாக ஒட்டாது என்பதால் எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட மையைத்தான் பயன்படுத்தினார். ஆஃப்செட்டும் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத குணத்தை நம்பித்தான் நிற்கிறது. தட்டில் எழுத்துள்ள இடம் மையை வாங்கும், மற்ற இடம் தண்ணீரை வாங்கி மையைத் தள்ளும்.

மை காய்வதில் எத்தனை வகை என்பது வெளியே பலருக்குத் தெரியாது. செய்தித்தாள் மையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் காய்வதே இல்லை, தாளுக்குள் இறங்கி நிற்கிறது. அதனால்தான் காலையில் படித்தால் விரல் கருக்கிறது. வழவழப்பான அட்டையில் இறங்க வழி இல்லை. அங்கே மையிலுள்ள எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டியாக வேண்டும், அதற்கு நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைக் கொடுக்காமல் ஒருமுறை பெரிய தவறு செய்தோம். ஒரு புத்தகத்தின் அட்டை, அடர்ந்த கருநீலப் பின்னணி. அவசரம் என்று உயரமாக அடுக்கிவிட்டோம். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு தாளின் முதுகிலும் கீழே இருந்த தாளின் நிழல். இதை செட்டாஃப் என்போம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடரைக் கொஞ்சம் கூடுதலாக அடித்து, அடுக்கைத் தாழ்வாக வைத்திருந்தால் வந்திருக்காது. மூவாயிரம் அட்டையைத் தூக்கிப் போட்டோம். இன்றைக்கும் அடர்நிறம் பார்த்தால் என் கை தானாகத் தாளின் முதுகைத் தடவிப் பார்க்கும்.

பால் பேனாவுக்கும் எங்கள் மைக்கும் ஒரு உறவு உண்டு. லாஸ்லோ பீரோ பத்திரிகையில் வேலை பார்த்தவர். செய்தித்தாள் மை இங்க் பேனா மைபோல ஈரமாக நின்று பரவாமல் சட்டெனத் தாளுக்குள் இறங்கிவிடுவதைப் பார்த்து, அப்படிப்பட்ட மை பேனாவில் வந்தால் என்ன என்று யோசித்தார். இங்க் பேனாவின் நிப்பில் அது இறங்கவில்லை. அதனால்தான் முனையில் சுழலும் குண்டு வந்தது. 1938இல் காப்புரிமை பெற்றார்.

தேர்தல் பணி:

சுருக்கமாக ஒன்று. வாக்குச்சாவடியில் விரலுக்கு மை வைக்கும் பொறுப்பு எனக்கு. வைக்கும்போது ஊதா. சிறிது நேரத்தில் கருக்கிறது. அதில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலிலுள்ள உப்போடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகி, வெளிச்சம் பட்டுக் கருத்துத் தோலோடு ஒன்றிவிடுகிறது. சோப்புக்குப் போகாது. விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு வருபவர்கள் உண்டு, அதனால் முதலில் துடைத்துவிட்டுத்தான் வைப்போம். தோலில் பட்டது சில நாளில் உரிந்து போகும், நகத்தில் பட்டது நகம் வளர்ந்து வெட்டும் வரை இருக்கும். அன்று என் விரல்களிலும் நகங்களிலும் பட்டு, பல வாரம் கூட வந்தது.

நிப்பு:

நீலநோட்டு, அப்பாவின் பேனா உங்களிடம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். என் தாத்தா பேனாவில் அழகான கருப்பு வேண்டும் என்று ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை ஊற்றினேன். அதில் புகைக்கரியும், காய்ந்தால் அரக்குப் போல இறுகும் பொருளும் இருக்கும். தோய்த்து எழுதும் பேனாவுக்கும் தூரிகைக்கும் அதைவிட நிலையான மை கிடைப்பது அரிது, கரி மங்காது. ஆனால் இங்க் பேனாவின் உள்வழி மயிரிழை அகலம்தான். இரண்டே நாளில் அடைத்துக்கொண்டது. திரும்ப அது எழுதவில்லை.

அதேபோல இரண்டு மைகளைக் கலக்காதீர்கள். ஒன்று அமிலம், மற்றது காரம் என்றால் சாயம் திரிந்து அடியில் மண்டியாகப் படியலாம். நிறம் மாற்றும் முன் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள்.

பழந்தாள்:

நீலநோட்டுக்கு இன்னொரு யோசனை. கழுவிப் போன பக்கங்களைக் காய்ந்த பிறகு நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். படத்தைத் திருத்தும் செயலியில் சிவப்பு ஒளியின் பதிவை (ரெட் சேனல்) மட்டும் கருப்பு வெள்ளையாகப் பாருங்கள். நீலம் சிவப்பு ஒளியை விழுங்கும், ஆகவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீலமும் அதில் கருமையாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

நீலநோட்டு:

செய்து பார்த்தேன். நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். எல்லாம் வரவில்லை, நீலம் பரவித் தேங்கிய பக்கங்களில் ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து நோட்டில் நாற்பது பக்கத்துக்கு மேல் வரிகள் எழுந்து வந்துவிட்டன. நான் பிறந்த நாளின் பக்கம் அதில் ஒன்று. என் எடையையும், வெளியே மழை பெய்ததையும் எழுதியிருக்கிறார்.

அப்புறம், வீட்டில் இருக்கும் ஒன்பது பேனாக்களாலும் ஒரே தாளில் கோடு போட்டு, தாளை மூன்றாகக் கிழித்தேன். ஒன்று தண்ணீரில், ஒன்று கை கழுவும் ஸ்பிரிட்டில், ஒன்று ஜன்னல் கண்ணாடியில். தண்ணீரில் தோற்றது நீல இங்க்கும் ஸ்கெட்ச் பேனாவும். ஸ்பிரிட்டில் பால் பேனா கரைந்து ஓடியது. துகள் நிறம் கலந்த கருப்பு ஜெல் பேனா இரண்டிலும் அசையவில்லை. வெயில் துண்டு இன்னும் கண்ணாடியில்தான் இருக்கிறது, மூன்று மாதம் கழித்து எடுப்பேன். கிடைத்த பக்கங்களை இன்று முதல் அந்தக் கருப்புப் பேனாவில் பிரதி எடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.