இடுப்புப் பிடிப்புக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா முப்பது வருஷமாக நடவுக்குப் போகிறவர். போன ஐப்பசியில் தாளடி நடவு முடிந்த மறுநாள் காலை பாயை விட்டு எழ முடியவில்லை. "இடுப்பு கட்டையாட்டம் பிடிச்சிக்கிச்சு" என்றார். எக்ஸ்ரே பார்த்த ஒருவர் தேய்மானம் என்றார், இன்னொருவர் ஜவ்வு விலகியிருக்கும் என்றார். மாத்திரை, பெல்ட், தைலம் எல்லாம் ஆயிற்று. ஆறு வாரமாகியும் குனிந்து கோலம் போட முடியவில்லை.

அப்புறம்தான் தஞ்சாவூரில் ஸ்கேன் டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, இடுப்பில் ஜெல் தடவி, கருவியை முதுகுத்தண்டுக்குப் பக்கவாட்டில் வைத்தார்கள். திரையில் மூட்டுகள் வரப்பு மாதிரி வெள்ளை மேடு மேடாகத் தெரிந்தன. அதற்குக் கீழே கறுப்பு. ஒலி அலை எலும்பைத் தாண்டாது, அதனால் ஜவ்வைப் பார்க்க இது உதவாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

"அம்மா, வலது கையை லேசாத் தூக்குங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். இடது பக்கத்து உள்தசை தடித்து எழும்பியது. இடது கையைத் தூக்கியபோது வலது பக்கத்தில் அசைவே இல்லை. வலியும் அந்தப் பக்கம்தான். அம்மா தலையைத் திருப்பித் திரையைப் பார்த்து, "இந்தப் பக்கம் தூங்குது பாரு" என்றார். அதே திரையைப் பார்த்துக்கொண்டே அந்தத் தசையை இறுக்கப் பழகினார். நான்காவது தடவை லேசாக அசைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

*

கும்பகோணத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். அக்கா, உங்கள் அம்மாவுக்குப் பார்த்தது தசையின் வேலையை. மூட்டு விறைப்பை அளப்பது வேறு. நாங்கள் கட்டைவிரலால் ஒவ்வொரு முள்ளெலும்பாக அழுத்தி "இது இறுக்கம், இது தளர்வு" என்கிறோம். ஒரே நோயாளியை நானும் என் சக ஊழியரும் அழுத்திப் பார்த்து வேறு வேறு எலும்பைச் சொல்லியிருக்கிறோம். கை சொல்வதை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் அளக்கும் வழிகளைத் தேடினார்கள். 1990களில் நெதர்லாந்தில் இடுப்பெலும்புக்கு மெல்லிய அதிர்வு கொடுத்து, அது முதுகுத்தண்டின் அடியோடு சேரும் மூட்டின் இரு பக்கமும் அந்த அதிர்வு எப்படிப் போகிறது என்று டாப்ளரில், அதாவது அசைவைக் காட்டும் அல்ட்ராசவுண்டில், பார்த்தார்கள். பிரசவத்தையொட்டி இடுப்பு வலி வந்த பெண்களிடம், தளர்வின் அளவைவிட இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியமாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதுகு விறைத்திருக்கிறது என்று நோயாளி உணர்வதும் கருவி அளக்கும் விறைப்பும் ஒத்துப்போகவில்லை என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அதற்காக வலி பொய் என்று ஆகாது. இன்னும் அடிபட்டுவிடாமல் இருக்க உடம்பு கட்டும் அணை அந்தப் பிடிப்பு. இதை நோயாளியிடம் பொறுமையாகச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

எங்கள் கிளினிக்கில் ஸ்கேன் கருவி இல்லை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த இடத்தில்தான் வைக்கலாம். அது சரியான சட்டம். அதனால் ஸ்கேன் சென்டருக்குத்தான் அனுப்புகிறோம், அதுவும் எல்லோரையும் அல்ல. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ இந்த ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

*

மன்னார்குடி. பவர் டில்லர் ஓட்டி இடுப்பு போய்விட்டது என்று நானும் மூன்று மாதம் தைலம் தேய்த்தேன். வயிற்று ஸ்கேனில் சிறுநீரகக் கல். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒரே மாதிரி வலித்தது. அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

*

மீண்டும் நீடாமங்கலம். தம்பி, நீங்கள் அணை என்று சொன்னதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை படிக்கச் சொன்னார். குறுவைக்கு நாற்றுப் பறிக்க நேற்று அரைநாள் போய் வந்தார். சாயங்காலம் திண்ணையில் குப்புறப் படுத்து, இடது கையைத் தூக்கி, "இப்ப எந்திரிக்குதா, தொட்டுப் பாரு" என்றார். விரலை வைத்துப் பார்த்தேன். எழும்பியது.