மறுமொழி: பிலிமில் எடுக்கும் படத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. நடுவில் புகைப்படமா ஒளிப்படமா என்ற பழைய சண்டையும் எட்டிப் பார்த்துவிட்டது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இந்த மடலில் ஒளிப்படம் என்றே எழுதுகிறேன், புகைப்படக் கட்சியினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இழையைத் தொடங்கிய தம்பி கேட்டது ‘அனலாக் போட்டோகிராபி’க்கு, அதாவது பிலிமில் படம் எடுப்பதற்கு, ஒரு சொல். 1931-இல் பேசும் படம் வந்த பிறகுதான் அதுவரை வெறும் படமாக இருந்தது தமிழில் ஊமைப்படம் ஆனது. டிஜிட்டல் வந்ததால் இதற்கும் இப்போது ஓர் அடைமொழி தேடுகிறோம். எந்த அடைமொழி என்பதில்தான் தகராறு.

என் கருத்தைச் சொல்லுமுன் ஒரு பழைய கடிதம். 1839 தொடக்கத்தில், இங்கிலாந்தில் டால்பட் என்பவர், ஒளியால் தாளில் படம் பதிக்கும் தன் கண்டுபிடிப்பை ‘போட்டோஜெனிக் டிராயிங்’ என்று அழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய நண்பர், வானியலாளர் ஜான் ஹெர்ஷல், அந்தச் சொல் சரிப்படாது என்று அவருக்கு எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் இரண்டு நமக்கு முக்கியம். போட்டோஜெனிக் என்ற சொல் திரிந்து வேறு வடிவங்கள் எடுக்காது. லித்தோகிராபி (கல்லச்சு) போன்ற, ஏற்கெனவே புழங்கும் சொற்களோடு வரிசையில் நிற்காது. அவர் முன்வைத்த போட்டோகிராபி நிலைத்துவிட்டது. மறு ஆண்டே நெகடிவ், பாசிடிவ் என்ற சொற்களையும் அவர்தான் இந்தத் துறைக்குக் கொண்டுவந்தார். ஆக, நாம் இங்கே செய்கிற வேலையை ஆங்கிலத்திலும் யாரோ கடிதம் எழுதித்தான் செய்திருக்கிறார்கள். ஒரு சொல் அழகாக இருக்கிறதா என்று பார்க்குமுன், கிளைக்குமா, பக்கத்துச் சொற்களோடு சேருமா என்று பார்க்க வேண்டும். வந்த சொற்களை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன்.

> ஒப்புமை ஒளிப்படம் என்று வைக்கலாமே? அனலாக் = ஒப்புமை.

வேண்டாம் ஐயா. ஒப்புமை ஒளிப்படம் என்றால் வெள்ளையடிப்பதற்கு முன், பின் என்று ஒரே வீட்டை இரண்டு படம் எடுத்து ஒப்பிடுவது போல் இருக்கிறது. அதைவிட, அனலாக் என்ற சொல்லே இங்கே தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. டிஜிட்டல் கேமராவின் சென்சாரில் முதலில் சேர்வது மின்னூட்டம். அது அனலாக்தான், அதாவது தொடர்ச்சியாகக் கூடிக் குறைவது; அதற்குப் பிறகே எண்ணாக மாற்றுகிறார்கள். பிலிமிலோ, ஒளியை உணரும் வெள்ளி உப்பான வெள்ளி ஹாலைடு படிகம் ஒவ்வொன்றும் ஒன்று முழுதாக வெள்ளியாக மாறும், அல்லது மாறாமலே நிற்கும். பாதி மாறிய படிகம் என்று கணக்கில் இல்லை. சாம்பல் நிறத்தின் படிகள் எல்லாம், மாறிய படிகங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதால் நம் கண்ணுக்குத் தெரிபவை. படிக அளவில் பார்த்தால் பிலிம்தான் ஆம்-இல்லை சங்கதி! ஆங்கிலத்தில் பழகிவிட்டார்கள், போகட்டும். அந்தக் குழப்பத்தை நாம் மொழிபெயர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

> மரபு ஒளிப்படம்?

மரபு என்றதும் பூசை அறையில் வைத்துவிடுவோம். நடப்பது வேறு. கோடாக் 2012-இல் நிறுத்திய எக்டாக்ரோம் பிலிமை 2018-இல் திரும்பக் கொண்டுவந்தது. இல்ஃபோர்டு பிலிமைத் தயாரிக்கும் ஹார்மன் 2023-இல் ஃபீனிக்ஸ் என்று புதிதாக ஒரு கலர் பிலிமே செய்தது. பென்டாக்ஸ் 2024-இல் புது பிலிம் கேமரா விட்டது. அரைச்சட்டகம், அதாவது ஒரு படத்தின் இடத்தில் இரண்டு; 36 படச் சுருளில் 72 எடுக்கலாம். இதையெல்லாம் வாங்கிக் குவிப்பவர்களில் பலர் டிஜிட்டலிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்கு இது மரபு இல்லை, புதுசு.

இழையில் வந்த இன்னொரு சொல்லான வெள்ளிப்படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கறுப்பு வெள்ளைக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் கலர் நெகடிவைக் கழுவும் வழக்கமான முறையில் (சி-41 என்பார்கள்) வெள்ளி முழுவதையும் வெளுத்துக் கரைத்து எடுத்துவிடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது சாயம் மட்டுமே. வெள்ளி இல்லாத வெள்ளிப்படம் என்று விளக்கம் எழுத வேண்டிவரும்.

அடுத்தது படச்சுருள். இதற்குத்தான் ஆதரவு அதிகம். 35 மி.மீ. சுருளுக்கும், 120 என்ற அகலமான சுருளுக்கும் குறையே இல்லை. பெரிய கேமராவில் 4க்கு 5 அங்குலத் தாளாகப் போடுகிறார்களே, அது சுருள் அல்ல. எடுத்த உடனே படம் தரும் போலராய்டும் சுருள் அல்ல. அவ்வளவு தூரம் போவானேன், எக்ஸ்ரே எடுத்துவிட்டு உறையில் போட்டுத் தருவதை ஊரில் எல்லாரும் எக்ஸ்ரே பிலிம் என்கிறார்கள். எக்ஸ்ரே சுருள் என்று எந்தப் பாட்டியும் சொல்லிக் கேட்டதில்லை. ஊட்டியில் அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் சுருளும் செய்தது, எக்ஸ்ரே பிலிமும் செய்தது. சுருட்டினாலும் தட்டையாக வைத்தாலும் பொருள் ஒன்றுதான்: ஒரு மெல்லிய தளத்தின்மேல் ஒளியுணரும் பூச்சு.

மெல்லிய பூச்சுக்குத் தமிழில் சொல் இருக்கிறது, படலம். மென்படலம், விழிப்படலம் என்று அறிவியலில் ஏற்கெனவே புழங்குகிறது. கம்பராமாயணப் படலம் குறுக்கே வருமே என்று ஒருவர் சிரித்தார். வரட்டும், இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். இது கிளைக்கிறதா? சுருட்படலம், தாட்படலம், உடனடிப் படலம், படலக் கேமரா, படல ஒளிப்படம். எல்லாம் தடையில்லாமல் வருகிறது. ஒளிப்படலம் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்; தட்டச்சில் ஓர் எழுத்து விட்டால் ஒளிப்படம் ஆகிவிடும்.

அகராதியில் படலம், பேச்சில் பிலிம். இதுதான் என் முன்மொழிவு. பிலிமைத் துரத்த வேண்டாம். அலட்டுகிறவனைப் பார்த்து ‘ரொம்ப பிலிம் காட்டாதே’ என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சொல் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

இனி ‘டெவலப்’, அதாவது எடுத்த பிலிமைக் கரைசல்களில் போட்டுப் படத்தை வெளியே கொண்டுவரும் வேலை.

> ஸ்டூடியோவில் கழுவுறதுன்னுதான் சொல்வோம். உருத்துலக்கல் எல்லாம் புத்தகத்துக்கு மட்டும்.

அண்ணன் சொல்வது உண்மை. ‘ரோல் கழுவக் கொடுத்திருக்கேன்’ என்பதுதான் தமிழ்நாட்டுத் தமிழ். ஆனால் வீட்டிலேயே செய்து பார்ப்பவருக்கு ஒரு சிக்கல் வரும். டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்), ஸ்டாப் பாத் (அதன் வேலையை நிறுத்துவது), ஃபிக்சர் (படத்தை நிலைநிறுத்துவது) எல்லாம் முடிந்து கடைசியில் தண்ணீரில் ஒரு கழுவல் இருக்கிறது. முழு வேலைக்கும் கடைசிப் படிக்கும் ஒரே சொல் என்றால், செய்முறை எழுதும்போது பிள்ளைகள் குழம்புவார்கள். பாத்திரத்துக்கு வைத்திருக்கும் சொற்களையே இரவல் வாங்கலாம். முழு வேலை கழுவுதல், முதல் படி துலக்கல், கடைசிப் படி அலசல். ‘உரு’ இல்லாமலே துலக்கல் போதும்.

இப்படிப் பிரித்துக்கொண்டால் ‘புஷ்’ எளிதாகிவிடும். பிலிமை அதன் வேகத்தைவிட (ஒளியுணரும் திறன், ஐ.எஸ்.ஓ.) கூடிய வேகமாகக் கருதி எடுத்து, டெவலப்பரில் ஈடுகட்டுவதுதான் புஷ். 400 வேகப் பிலிமை 1600 என்று வைத்து எடுத்தால், டெவலப்பரில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். இல்ஃபோர்டின் அட்டவணைப்படி எச்பி5 பிளஸ் என்ற 400 வேகப் பிலிமுக்கு, ஐடி-11 என்ற டெவலப்பரில், நீர் சேர்க்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம் 14 நிமிடமாகிறது. நீள்வது முதல் படி மட்டும். எனவே புஷ்ஷுக்குக் கூட்டித் துலக்கல், அதற்கு நேர்மாறான ‘புல்’லுக்குக் குறைத்துத் துலக்கல். (20 டிகிரி தண்ணீர் சென்னைக் குழாயில் மார்கழியிலும் வராது. தமிழில் செய்முறை எழுதுகிறவர்கள் பனிக்கட்டியையும் சேர்த்து எழுதுங்கள்.)

‘லேட்டன்ட் இமேஜ்’ பற்றி ஒரு வரி. எடுத்த பிறகு, துலக்குவதற்கு முன், பிலிமில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் உரு அது. மறைந்த படிமம் என்ற பரிந்துரையைக் கண்டதும் மலர்வளையம் ஞாபகம் வந்தது, மன்னிக்கவும். பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் இருக்கிறது, அகப்பாட்டில் உள்ளுறை உவமம் இருக்கிறது. உள்ளுறை படிமம் என்றால் இரண்டோடும் வரிசையில் நிற்கும். ஹெர்ஷலும் ஒத்துக்கொள்வார்.

நெகடிவ் நெகடிவாகவே இருக்கட்டும்.

எனக்குப் பிடிபடாதது ‘ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர்’. வெளிச்சம் பாதியானால் நேரம் இரட்டிப்பு என்ற கணக்கு, சில நொடிகளுக்கு மேல் திறந்துவைக்கும்போது பிலிமில் பலிக்காது. இரட்டிப்பைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். சென்சாரில் இந்தத் தொல்லை இல்லாததால், புதிதாக வருகிறவர்கள் இரவுப் படத்தில் முதலில் இடறுவது இங்கேதான். தலைகீழ் விகிதப் பிறழ்வு என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு சுளுக்குகிறது. சின்னதாக, கிளைக்கக்கூடியதாக யாரிடமாவது ஒரு சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.