ரெஸ்டொரேஷன் காலம்: மீட்பா, மீட்சியா, மீள்வா?

அன்புடையீர், வணக்கம்.

ஆங்கில இலக்கிய வரலாற்றுப் பாடநூலின் கால அட்டவணை வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்கிறது. மறுமலர்ச்சிக் காலம், விக்டோரியா காலம் ஆகியவற்றில் சிக்கலில்லை. 1660இல் இங்கிலாந்தில் முடியாட்சி திரும்பியதோடு தொடங்கும் ரெஸ்டொரேஷன் காலத்துக்கு 'மீட்புக் காலம்' என்று கைப்படியில் எழுதியிருந்தேன். 1667இல் வெளிவந்த மில்டனின் விவிலியக் காவியமான 'இழந்த சொர்க்கமும்' அதே பக்கத்தில் இருந்ததால், மாணவி ஒருவர் அதைக் கிறித்தவ மீட்பு என்று கொண்டு, இரட்சிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டார். வேறு சொல் வேண்டும்.

மறுமொழி 1

ஐயா, சொல் பிழையன்று, அடைமொழிதான் இல்லை. ஆள், ஆட்சி என்பதுபோல் மீள் என்னும் தன்வினையிலிருந்து 'மீட்சி' வரும்; 'மீட்பு' பிறவினை வழியது. இரண்டாம் சார்லஸ் போரிட்டு அரியணையைப் பிடிக்கவில்லை. தளபதி மங்க் ஸ்காட்லாந்திலிருந்து படையோடு வந்து வழி திறக்க, புதிய நாடாளுமன்றம் அவரை அழைத்தது. மீட்டவர் பிறர் ஆதலால் 'முடிமீட்பு' என்பதே இலக்கணத்துக்கும் வரலாற்றுக்கும் பொருந்தும். (வீணையை மீட்டியதை இங்கே இழுக்க வேண்டா, 'மீட்டான்' வேறு, 'மீட்டினான்' வேறு.)

மறுமொழி 2

இலக்கணம் சரி, ஆனால் 'முடிமீட்பு' என்று கரும்பலகையில் எழுதினால் என் வகுப்பு வழுக்கைக்கு மருந்தென்றே படிக்கும். அக்கால அரசவையில் பொய்முடி பரவியிருந்ததால் அதுவும் முழுப் பொய்யாகாது என்பது வேறு. என் தடை வேறொன்று. மீட்பு என்றால் இழந்தது நல்லது என்றாகும். முடியாட்சியை எதிர்த்து எழுதிய மில்டன், பார்வையிழந்து, அந்த மன்னரின் ஆட்சியிலேயே காவியத்தை வெளியிட்டவர். அவருக்கு இது யாருடைய மீட்பு? 1642இல் மூடப்பட்ட நாடக அரங்குகள் திறந்ததும், பெண்கள் தொழில்முறை நடிகையராக மேடையேறியதும் இலக்கியத்துக்கு உண்மையான திருப்பங்கள் என்றாலும், பெயர் அரசியலில் நிலைத்துவிட்டது. ஆகவே, சார்பு தொனிக்காத 'முடியாட்சி மீள்காலம்' போதும்.

மறுமொழி 3

'மீள்காலம்' வினைத்தொகை, காலமே மீள்கிறது என்று பொருள்படாதா?

மறுமொழி 4

சுடுகாட்டில் காடா சுடுகிறது, ஐயா?

தொடக்கியவர் மடல்

நன்றி. மூவர் ஒப்பியதால் 'முடியாட்சி மீள்காலம்' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். பக்கத்தில் 'ரெஸ்டொரேஷன்' என்றும் இருக்கும்.

மறுமொழி 5

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், என் வகுப்புக் குறிப்பில் 'முடிமீட்பு' நீடிக்கும். ஒன்று மட்டும் கேட்கிறேன். 1660இல் மீண்ட முடியாட்சி இன்றும் நடக்கிறது. உங்கள் மீள்காலம், இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டோடிய 1688இல் முடிகிறதா, கவிஞர் டிரைடன் மறைந்த 1700இலா? அட்டவணையில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.