வில்லுப்பாட்டு ஒலி கொடுத்தால் முதல் தட்டோடு நியூரான் அடங்கிவிடுகிறது: சினாப்ஸ் மாடலில் என்ன பிழை?

பாளை மாணவி:
காக்ளியர் நியூக்ளியஸ் (செவி நரம்பு வந்து சேரும் மூளைத்தண்டுப் பகுதி) நியூரான் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். உள்ளீடு வில்லுப்பாட்டுப் பதிவு, வீசுகோல் தட்டு நொடிக்குச் சுமார் 10. சினாப்ஸ் தளர்ச்சிக்கு (தொடர்ந்து பயன்படும்போது நியூரான் இணைப்பின் வலு குறைவதற்கு) சோடிக்ஸ்–மார்க்ரம் மாடல்; வெளியீட்டு வாய்ப்பு (ஒவ்வொரு முறையும் இருப்பில் செலவாகும் பங்கு) 0.5, அந்த இருப்பு மீளும் காலம் 800 மில்லிசெகண்ட். முதல் தட்டுக்கு ஸ்பைக் (நியூரான் எழுப்பும் மின் சைகை) வருகிறது, பிறகு ஒன்றுமில்லை. தளர்ச்சியையே எடுத்துவிடலாமா?

நெல்லை சிக்னல்:
எடுத்துறாதம்மா. சமன்பாடு சரி, எண்கள்தான் இடம் மாறி வந்திருக்கு. அவை எலியின் பெருமூளைப் புறணிக்குப் பொருந்துபவை. நொடிக்கு 10 ஸ்பைக் வந்தாலே அந்த எண்களில் துடிப்பு (ஒரு ஸ்பைக்குக்கு சினாப்ஸ் தரும் மின்னோட்டம்) முதல் அளவில் 21 சதவீதத்தில் போய் நிற்கும். மீளும் காலத்தை 100 ஆக்கினால் 77 சதவீதம்.

இதைவிட முக்கியம், ஒன்றை வாய்ப்பு × மீளும் காலத்தால் வகுத்தால் வரும் எல்லை. அதை வெகுவாகத் தாண்டினால் வெசிக்கிள் (சினாப்ஸில் வேதிப்பொருளை வைத்திருக்கும் நுண்பை) இருப்பு நிரம்பும் வேகம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். ஒலி கூடினாலும் நிலைத்த உந்துதல் கூடாது, மாற்றம் வரும் கணத்தில் மட்டும் துள்ளும். உங்க எல்லை நொடிக்கு 2.5 ஸ்பைக். செவி நரம்பிழையோ நூற்றுக்கணக்கில் அடிக்கும்.

பைத்தான் நிரலையும் பாருங்க: ஸ்பைக் வந்ததும் முதலில் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, அப்புறம்தான் இருப்பைக் கழிக்கணும். வரிசை மாறினால் உங்க எண்ணில் எல்லாத் துடிப்பும் பாதியாகும்.

தாமிரபரணிக் கரை:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. இருப்பை 1-இல் தொடங்குவதே பிழை. அமைதியிலும் சில செவி நரம்பிழைகள் நொடிக்கு 100 ஸ்பைக் வரை அடிக்கும், அதனால் சினாப்ஸ் ஏற்கெனவே பாதி தளர்ந்தே இருக்கும். மீளும் காலத்தைப்போல் ஐந்து மடங்கு நேரம் ஒலியில்லாமல் ஓட்டிவிட்டுப் பதிவைக் கொடுங்கள். முதல் தட்டின் மிகை அடங்கும். வில்லின் மணிகள் தட்டுக்கு நடுவிலும் ஒலிப்பதால் இருப்பு மீள இடமே கிடைக்காது. முதலில் குடத்தை மட்டும் பதிவுசெய்து பாருங்கள்.

மூளைத் துண்டில் அளந்த வாய்ப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். அங்கே வழக்கமாகக் கால்சியம் 2 மில்லிமோலார். உயிருள்ள மூளையில் அதைவிடக் குறைவு, வெளியீடும் குறைவு, தளர்ச்சியும் குறைவு.

பாளை மாணவி:
நன்றி அண்ணாச்சி. அப்படியானால் தளர்ச்சியால் கேட்டலுக்கு என்ன பயன்?

நெல்லை சிக்னல்:
கோழிக்குஞ்சில் தெளிவாத் தெரியும். ஒலி எந்தப் பக்கம்னு இரு காதின் நேர வித்தியாசத்தில் அறியும் பாதையில் சினாப்ஸ் தளர்வதால, சத்தம் கூடினாலும் திசைக் கணிப்பு அதிகம் கெடாது. பக்கத்திலேயே ஆங்குலாரிஸ் கருவில் (இன்னொரு செவி நியூரான் தொகுதி) தளர்ச்சியோடு வலுப்படலும் கலந்திருப்பதால சத்தத்தின் அளவு சிதையாமல் போய்ச் சேரும். உங்க மாடலில் இரண்டையும் தனித்தனிக் கிளையா வையுங்க.