ஒரு பக்கப் பிரேக் பேட் மட்டும் தேய்ந்திருந்தால், புதுப் பேட் மட்டும் போதாது

வால்பாறையிலிருந்து ஆழியாறு பக்கம் இறங்கும்போது முன் சக்கரத்தில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. மிச்சமிருந்த கொண்டை ஊசி வளைவுகள் முழுக்கப் பின் பிரேக்கையும் சின்ன கியரையும் நம்பித்தான் இறங்கினேன். 2007 மாடல் 150 சிசி வண்டி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். லீவர் எப்போதும் போலவே கெட்டியாக இருந்தது. பலரும் ஏமாறுகிற இடம் இதுதான்.

டிரம்மில் ஷூ தேய்ந்தால் லீவர் ஆட்டம் கூடும், நட்டைத் திருகி டைட் வைப்போம். டிஸ்க்கில், அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேட் தேயத் தேய, பேடைத் தள்ளுகிற பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நின்றுகொள்ளும். அதற்குப் பின்னால் உண்டாகிற இடத்தைப் பிரேக் ஆயில் நிரப்பிவிடும். கைக்கு ஒன்றும் தெரியாது. ஹேண்டில்பாரில் உள்ள ஆயில் டப்பாவின் கண்ணாடியில் மட்டம் இறங்குவதுதான் அடையாளம். போன சர்வீஸில் மட்டம் குறைவு என்று ஆயிலை மட்டும் ஊற்றி அனுப்பியிருந்தார்கள். பேடை யாரும் பார்க்கவில்லை. இருந்த ஒரே எச்சரிக்கையும் அதோடு போயிற்று.

வீட்டிலேயே கழற்றினேன். பழைய வண்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: பேடும் பிஸ்டனும் உள்ள காலிப்பர் முன் ஃபோர்க்கில் மாட்டியிருக்கும்போதே, பேடைப் பிடித்திருக்கும் பின்னின் ஆலன் போல்ட்டை லேசாகத் தளர்த்திவிடுங்கள். காலிப்பரைக் கையில் எடுத்த பிறகு திருகினால் பிடிமானம் கிடைக்காது, போல்ட் தலை வழவழத்துப் போகும்.

வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம். உள்பக்கம், அதாவது பிஸ்டன் பக்கம், மருந்து (தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் உரசுகிற பொருள்) துளியும் இல்லை. வெறும் தகடு பளபளவென்று இருந்தது. சத்தம் அங்கிருந்துதான்.

உள்ளூர் ஸ்பேர்ஸ் கடையில் இதைச் சொன்னேன். "பேடு செட்டு மாத்துனாப் போதுமுங்ணா, சரியாயிரும்" என்றார் கடைக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள்பக்கப் பேடை அழுத்தியதும், காலிப்பர் முழுசும் ஸ்லைடு பின்களின்மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் இழுத்து டிஸ்க்கில் ஒட்டவேண்டும். ஸ்லைடு பின் இறுகிவிட்டால் உள்பக்கப் பேட் மட்டும் பாரத்தைச் சுமந்து கரையும். புதுப் பேட் போட்டாலும் அதே கதிதான்.

என் வண்டியில் கீழ் ஸ்லைடு பின்னை ஸ்பேனர் போட்டுத் திருப்பித் திருப்பித்தான் வெளியே எடுக்க முடிந்தது. பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. கிரீஸ் இருந்த இடத்தில் காப்பித்தூள் போலத் துரு. எமரி பேப்பரால் பின்னைத் தேய்த்து, ஓட்டையைச் சுத்தம் செய்து, புதுப் பூட் போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். பெட்ரோல் போட்டுக் கழுவுவதும் அப்படித்தான். பட்டறைகளில் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள், ஆனால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலுக்கு அது ஆகாது. சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் வெளியே தெரிகிற பாகத்தைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சேறு சீலுக்குள் போகும். தள்ளும்போது ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பும். என்னுடையதில்தான் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார்களே, அதனால் ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தள்ளினேன். டாங்க் பெயின்டில் பிரேக் ஆயில் பட்டால் அரித்துவிடும். பட்டால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

டிஸ்க்கில் கோடு விழுந்திருந்தது. குறைந்தபட்ச கனம் 3.5 மி.மீ. என்று டிஸ்க்கிலேயே குத்தியிருந்தது. லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்ததில் 3.8 வந்தது. கோடு நகத்தில் பெரிதாகத் தட்டவும் இல்லை. அதனால் மாற்றவில்லை.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன் லீவரைப் பலமுறை அழுத்தி அழுத்தி விடுங்கள். முதலில் அது கைப்பிடிவரை சும்மா போகும், பிரேக்கே இருக்காது. பிஸ்டன் வந்து பேடைத் தொட்ட பிறகுதான் கெட்டியாகும். அந்த நிலையில் யாரும் தெருவில் இறங்கிவிடக்கூடாது. அடுத்து, காலி ரோட்டில் மிதமான வேகத்திலிருந்து மெதுவாக அழுத்தி அழுத்திப் பேடைப் பழக்குங்கள். என் வண்டியில் முதல் 200 கி.மீ. வரை பிடிப்பு சற்றுக் குறைவாகத்தான் இருந்தது, அதற்கப்புறம் சரியாகிவிட்டது.